கவுண்ட்டரை மூடாமல் கணினியை மாற்றுவது எப்படி?

"சிஸ்டம் அப்டேட் ஆகுது, நாளைக்கு வாங்க."

இ-சேவை மையத்திலோ அரசு அலுவலகத்திலோ இந்த வரியை ஒரு முறையாவது கேட்காதவர்கள் குறைவு. சொல்பவருக்கு அது ஒரு வரி; கேட்பவருக்கு அது ஒரு நாள். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் தறியை நிறுத்திவிட்டு, மகளின் கல்லூரிச் சேர்க்கைக்காக வருமானச் சான்றிதழ் கேட்டு வரும் நெசவாளரை நினைத்துப் பாருங்கள். புடவைக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவருக்குச் சம்பளத்துடன் விடுப்பு கிடையாது. மறுநாளும் வரச் சொன்னால் இரண்டு நாள் நெசவு போச்சு. அதற்குள் சேர்க்கைக்கான கடைசித் தேதி முடிந்துவிட்டால், போவது கூலி மட்டுமல்ல.

அப்படியென்றால் அப்டேட்டே வேண்டாம் என்று விட்டுவிடலாமா? அதுவும் முடியாது. மாற்றாமல் இருப்பதிலும் ஆபத்து இருக்கிறது. எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றுவதிலும் ஆபத்து இருக்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவே, சேவை நிற்காமல் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றும் வழி ஒன்று உண்டு. அதைத்தான் இந்தக் கட்டுரை விளக்குகிறது.

இயங்குதளத்துக்கும் ஆயுள் உண்டு

கணினியைத் திறந்ததும் முதலில் இயங்கி, கீபோர்டு, பிரிண்டர், இணையம், மற்ற மென்பொருள்கள் எல்லாவற்றையும் வேலை செய்ய வைப்பதுதான் இயங்குதளம். விண்டோஸ், லினக்ஸ் போன்றவை இந்த வகை.

எந்த இயங்குதளத்திலும் அவ்வப்போது பாதுகாப்பு ஓட்டைகள் கண்டுபிடிக்கப்படும். தயாரித்தவர்கள் அவற்றை அடைக்கும் திருத்தங்களை அனுப்பிக்கொண்டே இருப்பார்கள். ஆனால் இது என்றென்றைக்கும் நடக்காது. விண்டோஸ் எக்ஸ்பி-க்கு 2014 ஏப்ரல் 8-ந் தேதியும், விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14-ந் தேதியும், விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ந் தேதியும் வழக்கமான ஆதரவு முடிந்தது. அந்தத் தேதிக்குப் பிறகும் கணினி ஓடும். அதனால்தான் "நல்லாத்தானே ஓடுது, எதுக்கு மாத்தணும்?" என்ற கேள்வி வருகிறது. கணினி ஓடும் என்றாலும், புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டையை அடைக்க இனி யாரும் வரமாட்டார்கள்.

மாற்றாமல் விட்டால்: 2017 மே

2017 மே 12-ந் தேதி 'வான்னாக்ரை' என்ற தீநிரல் உலகம் முழுவதும் பரவியது. கணினியில் உள்ள கோப்புகளை எல்லாம் பூட்டிவிட்டு, திறப்பதற்குப் பணம் கேட்டது. யாரும் எதையும் கிளிக் செய்யாவிட்டாலும் ஒரு கணினியிலிருந்து அதே நெட்வொர்க்கில் உள்ள அடுத்த கணினிக்கு அது தானாகவே தாவியது.

அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு மார்ச் 14-ந் தேதியே வெளியிட்டிருந்தது. அதைப் போட்டுக்கொள்ள இரண்டு மாத அவகாசம் இருந்தது. போடாத இடங்கள் மாட்டிக்கொண்டன. இங்கிலாந்தின் அரசு மருத்துவமனை நிர்வாகங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பாதிக்கப்பட்டது. சுமார் 19,000 நோயாளிகளின் முன்பதிவுகள் ரத்தாகியிருக்கும் என்று பின்னர் மதிப்பிடப்பட்டது. நமக்குப் பக்கத்தில், ஆந்திர மாநிலக் காவல் துறையின் சில கணினிகளும் இதில் சிக்கின.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நெட்வொர்க்கில் இணைந்த நாற்பது கணினிகளில் முப்பத்தொன்பதைச் சரியாக வைத்திருந்தாலும், மூலையில் கிடக்கும் ஒரு பழைய கணினி போதும், அதன் வழியாக ஆபத்து உள்ளே வந்துவிடும்.

ஒரே நேரத்தில் மாற்றினால்: 2024 ஜூலை

அடுத்த சம்பவம் இதற்கு நேர் எதிரானது. 2024 ஜூலை 19-ந் தேதி, 'கிரவுட்ஸ்ட்ரைக்' என்ற பாதுகாப்பு மென்பொருளுக்கு ஒரு சிறு அப்டேட் வந்தது. அதில் பிழை இருந்தது. நம் நேரப்படி காலை 9.39-க்கு வெளியான அந்த அப்டேட்டை 10.57-க்கே திரும்பப் பெற்றுவிட்டார்கள். இடையில் இருந்தது 78 நிமிடம்தான். ஆனால் அதற்குள் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையில் நின்றுபோயின. இந்திய விமான நிலையங்கள் பலவற்றில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்ததைப் பலரும் செய்தியில் பார்த்திருப்பீர்கள்.

இது இயங்குதள மாற்றம் அல்ல. பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த அப்டேட்தான். ஆனாலும் பாடம் ஒன்றே. பிழை இல்லாத அப்டேட் என்று யாராலும் உத்தரவாதம் தர முடியாது. முதலில் ஒரு சிறு கூட்டத்துக்கு மட்டும் அனுப்பி, கொஞ்ச நேரம் பொறுத்திருந்தால் அந்தச் சிலவற்றோடு சேதம் நின்றிருக்கும். எல்லோருக்கும் ஒரே சமயத்தில் போனதால், பல இடங்களில் ஒவ்வொரு கணினியையும் ஆள் போய்த் தனித்தனியாகச் சரிசெய்ய வேண்டியதாயிற்று.

தறியில் செய்வது போலத்தான்

காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு இதை விளக்குவது எளிது. தறியில் ஒரு பாவு முடியும்போது நெசவாளர் என்ன செய்கிறார்? அச்சையும் விழுதையும் கழற்றிப்போட்டு, ஒவ்வொரு இழையையும் முதலிலிருந்து கோப்பதில்லை. பழைய பாவின் கடைசிப் பகுதியைத் தறியிலேயே விட்டுவைத்து, அதன் ஒவ்வொரு இழை முனையோடும் புதுப் பாவின் இழை முனையை முறுக்கிப் பிணைக்கிறார். பிறகு மெல்ல இழுத்தால், புது இழைகள் பழைய இழைகள் இருந்த அதே வழியில் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. எந்த இழை எந்த விழுதில் போக வேண்டும் என்ற ஒழுங்கு கலைவதே இல்லை.

கணினிகளை மாற்றுவதும் இப்படித்தான் இருக்க வேண்டும். பழையது இருக்கும்போதே புதியதை இணைக்க வேண்டும். இணைப்பு சரியாக இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் பழையதை விட வேண்டும்.

முதல் வேலை கணக்கெடுப்பு

ஓர் அலுவலகத்தில் 40 கணினிகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். எந்த மாற்றத்தையும் தொடங்கும் முன் அந்த 40-க்கும் ஒரு பட்டியல் வேண்டும். எந்த வருடக் கணினி, எவ்வளவு நினைவகம், இப்போது எந்த இயங்குதளம், யார் என்ன வேலைக்குப் பயன்படுத்துகிறார் என்பதை எல்லாம் அதில் எழுத வேண்டும். அதோடு எந்தெந்தக் கருவிகள் செருகப்பட்டிருக்கின்றன என்பதையும் சேர்க்க வேண்டும்.

சிக்கல் பெரும்பாலும் இந்தக் கருவிகளில்தான் வரும். பிரிண்டர், ஸ்கேனர், கைரேகைக் கருவி, கண் கருவிழிக் கருவி, அதிகாரிகள் கையொப்பமிடப் பயன்படுத்தும் டிஜிட்டல் கையொப்ப டோக்கன் ஆகிய ஒவ்வொன்றுக்கும் 'டிரைவர்' என்ற இணைப்பு மென்பொருள் தேவை. பழைய இயங்குதளத்தில் ஓடிய டிரைவர் புதியதில் ஓடும் என்று சொல்ல முடியாது. வருடக்கணக்கில் கை வேலை செய்தவர்களுக்கு விரல் ரேகை தேய்ந்திருக்கும். அவர்களுக்குக் கைரேகை பதிவதே சில நேரம் மூன்று நான்கு முயற்சி எடுக்கும். கருவியின் டிரைவரும் தகராறு செய்தால், கோளாறு கருவியிலா, விரலிலா என்றே தெரியாமல் போய்விடும். அதனால் ரேகைக் கருவியைச் சோதிக்கும்போது இளைஞர்களை மட்டும் வைத்துச் சோதிக்கக் கூடாது.

விண்டோஸ் 11-க்கு மாறுவதென்றால் இன்னொரு கேள்வியும் உண்டு. அதற்குக் குறைந்தது 4 ஜி.பி. நினைவகம், 64 ஜி.பி. சேமிப்பிடம், 'டி.பி.எம். 2.0' என்ற பாதுகாப்புச் சில்லு ஆகியவை வேண்டும். பழைய கணினிகள் பலவற்றில் இந்தச் சில்லு இருக்காது, அல்லது அணைத்து வைக்கப்பட்டிருக்கும். பட்டியல் போடும்போதே இதையும் குறித்துக்கொண்டால், பாதி வழியில் திகைக்க வேண்டியதில்லை.

இரண்டு, ஆறு, பன்னிரண்டு, இருபது

பட்டியல் தயாரான பிறகு சுற்றுகளாகப் பிரிக்க வேண்டும். நம் 40 கணினிகளை முதல் சுற்றில் 2, இரண்டாவதில் 6, மூன்றாவதில் 12, கடைசியில் 20 என்று பிரிக்கலாம்.

முதல் இரண்டு கணினிகளை எப்படித் தேர்ந்தெடுப்பது? இருப்பதிலேயே புதிய கணினிகளை எடுத்தால் எல்லாம் நன்றாகத்தான் ஓடும். ஆனால் அதிலிருந்து எதுவும் தெரியாது. ஒன்று புதியதாகவும் மற்றொன்று பழையதாகவும் இருக்க வேண்டும். அவற்றில் உட்காருபவர்கள், கோளாறு வந்தால் "இது இப்படி ஆச்சு" என்று உடனே சொல்லக்கூடியவர்களாக இருக்க வேண்டும்.

ஒவ்வொரு சுற்றுக்கும் நடுவே சில நாள் பொறுத்திருக்க வேண்டும். வெறுமனே காத்திருப்பதல்ல அது. உண்மையான வேலை நடக்க வேண்டும். கூட்டம் அதிகமுள்ள ஒரு திங்கட்கிழமையும், முடிந்தால் ஒரு மாதக் கடைசியும் அந்த இடைவெளிக்குள் வந்தால் நல்லது. மாதத்துக்கு ஒருமுறை மட்டும் எடுக்கும் அறிக்கை ஒன்று புதிய கணினியில் அச்சாகாமல் போவது அப்போதுதான் தெரியும்.

இதில் இரண்டு விதிகளை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

ஒன்று, எங்கே நிறுத்துவது என்ற விதி. "ஒரு சுற்றில் ஒரு கணினியில்கூடச் சான்றிதழ் அச்சாகவில்லை என்றால் அடுத்த சுற்று இல்லை" என்பது போல அது தெளிவாக இருக்க வேண்டும். எழுதி வைக்காவிட்டால், "இவ்வளவு தூரம் வந்தாச்சு, முடிச்சிடுவோம்" என்ற அவசரம் வந்துவிடும்.

இரண்டு, எப்படித் திரும்புவது என்ற விதி. மாற்றுவதற்கு முன் கணினியின் முழுப் பிரதியை வேறோர் இடத்தில் எடுத்து வைக்க வேண்டும். விண்டோஸ் 10-லிருந்து 11-க்கு மேம்படுத்திய பிறகு பழையபடி திரும்பும் வசதி வழக்கமாக 10 நாள்தான் இருக்கும். அதன் பிறகு பழைய கோப்புகள் அழிந்துவிடும். ஆகவே, "பதினைந்து நாள் கழித்துப் பார்த்துக்கலாம்" என்று இருந்தால் திரும்பும் வழி அடைந்திருக்கும். எடுத்த பிரதியிலிருந்து கணினியை மீட்க முடிகிறதா என்பதையும் ஒருமுறை செய்து பார்த்துவிட வேண்டும். செய்து பார்க்காத பிரதியை நம்ப முடியாது.

இணைய வேகத்தையும் மறக்க வேண்டாம்

புதிய இயங்குதளத்தின் கோப்பு ஏறத்தாழ 5 ஜி.பி. என்று வைத்துக்கொள்வோம். வினாடிக்கு 10 மெகாபிட் வேகமுள்ள இணைப்பில், வேறு எந்த வேலையும் நடக்காவிட்டால்கூட ஒரு கணினிக்கு அதை இறக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். நாற்பது கணினிகளும் தனித்தனியாக இறக்கினால் ஏறக்குறைய 45 மணி நேரம் அந்த இணைப்பு முழுதாக அடைபட்டுக் கிடக்கும். அப்போது கவுண்ட்டரில் சான்றிதழ் பக்கமே திறக்காது.

இதற்குத் தீர்வு எளிது. ஒரு கணினியில் மட்டும் இரவில் இறக்கி வைத்துவிட்டு, மற்றவை அலுவலகத்துக்குள் இருக்கும் கேபிள் வழியாக அதிலிருந்து எடுத்துக்கொள்ளும்படி செய்ய வேண்டும். வெளி இணைப்புக்குச் சுமையே இருக்காது.

தமிழ் எழுத்தைச் சோதியுங்கள்

நம் அலுவலகங்களுக்கு மட்டுமே உரிய ஒரு சோதனையும் உண்டு. 2010-இல் தமிழ்நாடு அரசு யூனிகோடையும் டேஸ்-16 குறியாக்கத்தையும் தரமாக அறிவித்தது. ஆனாலும் அதற்கு முந்தைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த பழைய கோப்புகள் அலுவலகங்களில் இன்னும் இருக்கலாம். அந்த எழுத்துரு புதிய கணினியில் இல்லையென்றால், கோப்பைத் திறந்ததும் புரியாத குறிகள்தான் தெரியும். மாற்றுவதற்கு முன்பே அவற்றை யூனிகோடுக்கு மாற்றிவிடுவது நல்லது.

யூனிகோடிலேயும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. காஞ்சிபுரம் மாவட்டத்தின் ஸ்ரீபெரும்புதூரை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் எழுத்தான 'ஸ்ரீ' கணினிக்குள் இரண்டு விதமாகப் பதியலாம். ஒன்று 'ஸ' என்ற எழுத்தைக் கொண்டு உருவாவது. மற்றொன்று 'ஶ' என்ற எழுத்தைக் கொண்டு உருவாவது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியும். ஆனால் பழைய கணினியின் கீபோர்டு ஒரு விதமாகவும், புதிய கணினியின் கீபோர்டு இன்னொரு விதமாகவும் பதிந்தால், அதே ஊரைத் தேடும்போது "பதிவு இல்லை" என்று வரக்கூடும். பழையதும் புதியதும் கலந்து ஓடும் காலத்தில்தான் இந்தக் குழப்பம் அதிகம் வரும். எனவே முதல் சுற்றிலேயே ஊர்ப் பெயர், தெருப் பெயர், 'ஸ்ரீ' என்று தொடங்கும் ஆட்பெயர் சிலவற்றைத் தட்டச்சு செய்து, தேடியும் அச்சிட்டும் பார்த்துவிட வேண்டும்.

எந்த மாதத்தில் செய்வது?

எந்தக் கணினிப் புத்தகத்திலும் இதற்குப் பதில் இருக்காது; ஊர்க்காரர்களுக்குத்தான் தெரியும். காஞ்சிபுரத்தில் மாசியில் காமாட்சி அம்மன் கோயில் பிரம்மோற்சவம், பங்குனியில் ஏகாம்பரநாதர் கோயில் விழா, வைகாசியில் வரதராஜப் பெருமாள் கோயில் பிரம்மோற்சவம். கருட சேவை அன்று ஊருக்குள் வண்டி நகராது. பழுது பார்க்கும் ஆள் வந்து சேர்வதே கஷ்டம். மேலும் வைகாசி, ஆனியில்தான் பள்ளி, கல்லூரிச் சேர்க்கைக்காக சாதி, வருமானம், இருப்பிடச் சான்றிதழ் கேட்டு வரும் கூட்டம் உச்சத்தில் இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் மழையும் மின்தடையும் வரும். பாதி மேம்படுத்தலில் மின்சாரம் போனால் கணினி கெட்டுவிடக்கூடும்.

ஆக, சேர்க்கை முடிந்த பிறகு ஆடிக் கடைசியிலிருந்து புரட்டாசி வரையிலும், பொங்கல் முடிந்த பிறகு தை மாதத்திலும் தோதான இடைவெளி கிடைக்கும். வாரத்தில் செவ்வாய், புதன் ஏற்றவை. வெள்ளி மாலை மாற்றிவிட்டு வீட்டுக்குப் போனால், கோளாறு திங்கட்கிழமைக் கூட்டத்தில்தான் தெரியவரும்.

இரண்டு கவுண்ட்டர் உள்ள மையத்தில் ஒரே நாளில் இரண்டையும் தொடக் கூடாது. ஒன்று மாறும்போது மற்றொன்று பழையபடியே ஓட வேண்டும். ஒரே கணினிதான் இருக்கிறது என்றால், தயார் செய்த மாற்றுக் கணினியைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் பழையதை எடுத்துப் போவதுதான் சரி.

கண்ணுக்குத் தெரியாத சர்வர்கள்

நீங்கள் கவுண்ட்டரில் கொடுக்கும் விண்ணப்பத்தைப் பெற்று வைத்துக்கொள்பவை சர்வர்கள். அவற்றுக்கும் இயங்குதளம் உண்டு. அதையும் மாற்றத்தான் வேண்டும். ஒரே சேவையைப் பல சர்வர்கள் பகிர்ந்து தரும்போது, அவற்றை ஒவ்வொன்றாக மாற்றுவார்கள். முதலில் ஒரு சர்வருக்குப் புதிய வேலை அனுப்புவதை நிறுத்துவார்கள். கையில் இருக்கும் வேலையை அது முடித்த பிறகு மாற்றி, சோதித்து, மீண்டும் வரிசையில் சேர்ப்பார்கள். அதன் பிறகுதான் அடுத்தது.

இதற்கு ஒரு சின்னக் கணக்கு உண்டு. நான்கு சர்வர்களும் தலா 60 சதவீதம் சுமையோடு ஓடினால், ஒன்றை வெளியே எடுக்கும்போது மீதி மூன்றின் சுமை 80 சதவீதம் ஆகும், சமாளிக்கலாம். ஆனால் நான்கும் ஏற்கெனவே 80 சதவீதத்தில் ஓடினால், மீதி மூன்றுக்கும் 107 சதவீதம் வரும். அதாவது ஒன்றை எடுத்தால் மூன்றும் திணறும். அதனால்தான் இந்த வேலையைக் கூட்டம் குறைந்த இரவில் செய்கிறார்கள்.

பழைய கணினியை என்ன செய்வது?

விண்டோஸ் 11-ஐ ஏற்காத கணினிகள் எல்லாம் குப்பை என்று நினைக்க வேண்டாம். தமிழ்நாடு இந்த நிலையை முன்பும் கண்டிருக்கிறது. 2014-இல் எக்ஸ்பி-க்கு ஆதரவு நின்றபோது, 'பாஸ்' லினக்ஸ் இயங்குதளத்துக்கு மாறும்படி தமிழ்நாடு அரசு தன் துறைகளுக்கு அறிவுறுத்தியது. பாரத் ஆபரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ் என்பதன் சுருக்கமே பாஸ். ஒன்றிய அரசின் சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் உருவாக்கிய இது, தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் வேலை செய்யும். உரிமக் கட்டணம் கிடையாது.

இன்று பல சேவைகள் பிரவுசர் வழியாகவே நடக்கின்றன. தட்டச்சு, கடிதப் போக்குவரத்து, இணையம் ஆகிய வேலைகள் மட்டும் நடக்கும் கணினிகளுக்கு லினக்ஸ் நன்றாகவே பொருந்தும். கைரேகைக் கருவியோ டிஜிட்டல் கையொப்ப டோக்கனோ செருகப்பட்ட கணினி என்றால், அந்தக் கருவிக்கு லினக்ஸ் டிரைவர் உண்டா என்று பார்த்த பிறகே முடிவெடுக்க வேண்டும்.

இன்னும் கொஞ்சம் அவகாசம் தேவை என்றால், நிறுவனங்களுக்கு விண்டோஸ் 10-க்கான நீட்டிப்புத் திருத்தங்கள் 2028 அக்டோபர் வரை கட்டணத்துக்குக் கிடைக்கும். கட்டணம் முதல் ஆண்டு ஒரு கணினிக்கு 61 டாலர். அடுத்தடுத்த ஆண்டுகளில் இரட்டிப்பாகும். தள்ளிப்போடத் தள்ளிப்போடச் செலவு கூடும் என்பதே இதன் பொருள்.

வேலையிலிருந்து விடுவிக்கும் கணினியைக் காயலான் கடைக்குப் போட்டுவிடக் கூடாது. அதன் ஹார்டு டிஸ்க்கில் பொதுமக்களின் ஆவண நகல்கள் இருக்கலாம். டிஸ்க்கை மீட்க முடியாதபடி அழித்துவிட்டு, மின்கழிவு மேலாண்மை விதிகளின்படி பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம்தான் ஒப்படைக்க வேண்டும்.

பொதுமக்கள் கேட்கும் கேள்விகள்

*நான் விண்ணப்பித்த மையத்தில் கணினியை மாற்றுகிறார்கள். என் விண்ணப்பம் போய்விடுமா?*
போகாது. ஒப்புகைச் சீட்டு கிடைத்துவிட்டால், உங்கள் விண்ணப்பம் சர்வருக்குப் போய்விட்டது என்று பொருள். அந்த எண்ணை வைத்து இணையத்திலோ வேறு இ-சேவை மையத்திலோ நிலையைப் பார்க்கலாம். சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

*"சிஸ்டம் அப்டேட், நாளைக்கு வாங்க"ன்னு சொன்னா என்ன செய்யுறது?*
எத்தனை மணிக்கு முடியும், பக்கத்தில் எந்த மையம் இயங்குகிறது என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. திரும்பத் திரும்ப அலைய வைத்தால் 1100 என்ற முதலமைச்சரின் உதவி மைய எண்ணில் தெரிவிக்கலாம்.

*"உங்க கம்ப்யூட்டருக்கு அப்டேட் போடணும்"னு போன் வந்தால்?*
நம்ப வேண்டாம். அப்படித் தொலைபேசியில் அழைத்து யாரும் அப்டேட் போடுவதில்லை. ஓ.டி.பி. சொல்லாதீர்கள், அவர்கள் சொல்லும் செயலியை இறக்காதீர்கள். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930-ஐ அழையுங்கள்.

மையம் நடத்துபவர்களுக்கு

உங்கள் மையத்தில் மாற்றம் நடக்கப்போகிறது என்றால், மூன்று நாள் முன்பே வாசலில் ஒரு தாள் ஒட்டுங்கள். எந்தத் தேதி, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, அந்த நேரத்தில் எந்த மையத்துக்குப் போகலாம் என்ற மூன்று தகவல் அதில் இருந்தால் போதும். பிள்ளையார்பாளையத்திலிருந்து வருகிறவர் அதைப் பார்த்துவிட்டு, அன்று தறியில் உட்கார்ந்துவிட்டு அடுத்த நாள் வருவார். அவருடைய ஒரு நாள் கூலி அந்த ஒரு தாளால் மிச்சமாகும்.